மூன்று விரலும் கடைசி நாலு பக்கமும்

திருமழிசை தொழிற்பேட்டையில் மின்விசிறிக்கு வாஷர் அடிக்கிற ஷெட் ஒன்று இருந்தது. ஷெட் என்றால் மேலே தகரம், அதைத் தாங்க ஆறு தூண், அதற்குள் ஏழு பவர் பிரஸ். ஏழும் ஒன்றாக ஓடினால் பூந்தமல்லியில் டீ குடிக்கிறவன் கிளாஸில் அலை அடிக்கும். அங்கே பத்து வருஷம் உழைத்தவன் காதில் பெண்டாட்டி கூப்பிடுவது விழாது. விழவில்லையே என்று எவனும் டாக்டரிடம் போனதும் கிடையாது.

1988-ல் அந்த ஷெட்டில் தசரதன் செட்டர், தேவராஜ் ஆப்பரேட்டர். இரும்பு அச்சை மிஷினில் ஏற்றி, சரிபார்த்து, கை உள்ளே போகாதபடி முன்னால் கம்பி வலையைப் பூட்டிக் கொடுக்கிறவன் செட்டர். பெடலை மிதித்துத் தகட்டை அடித்துத் தள்ளுகிறவன் ஆப்பரேட்டர்.

இருவருக்கும் ஊர் குத்தம்பாக்கம். ஆனால் ஊர் என்று சொன்னால் அது தசரதன் இருந்த தெரு. தேவராஜ் இருந்தது காலனி. தசரதன் வீட்டு வயலில் தேவராஜின் அப்பா வேம்புலி முதுகு நிமிராமல் நாற்று நட்டவர். வயலும் போய் நாற்றும் போய், இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நீலச் சட்டையில் ஒரே பஸ் படியில் தொங்கினார்கள். ஷெட்டுக்குள் இருக்கிறவரை ஒருவனுக்கொருவன் மாமே, மச்சான். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஊர் மண்ணில் கால் பட்டதும் தேவராஜ் வாயில் தானாக "அண்ணாத்தே" வந்துவிடும். இப்படிக் கூப்பிடு என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. ஏன் மாற்றிக் கூப்பிடுகிறாய் என்று தசரதனும் கேட்டதில்லை.

அவர்களைச் சேர்த்துவைத்தது புத்தகம். தசரதன் கதைப் பைத்தியம். அதிலும் பூமியில் நடக்கிற கதை என்றால் தொடமாட்டான். வானத்தில் சூரியன் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். பாம்பு மலையை விழுங்கிவிட்டு ஏப்பம் விட வேண்டும். வாள் வாய் திறந்து வம்பு பேச வேண்டும். ஆவடி மார்க்கெட் பக்கம் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்பவர், இவன் தலை தெரிந்தால் ராக்கெட் படம் போட்டதையெல்லாம் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அட்டை இருக்காது, பெயர் இருக்காது, எழுதியவன் யாரென்றும் தெரியாது. தசரதனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தேவராஜுக்கு வேறு பித்து. அம்மா தாயம்மாவோடு ஞானஸ்நானம் எடுத்தவன், தபாலில் வேதப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். மொத்தம் பன்னிரண்டு பாடம். பன்னிரண்டையும் எழுதி அனுப்பினால் சான்றிதழ் வரும். சான்றிதழ் வந்தால் ஊழியத்துக்குப் போகலாம். காலனிச் சபையின் பாஸ்டர் ராஜசேகரன் அவனுக்கு ஓர் இறையியல் புத்தகம் கொடுத்திருந்தார். சீமைப் பாதிரி எவரோ எழுதியது. தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கும். காலில் விழுந்தால் மூன்று நாள் லீவு போட வேண்டும். அதில் ஒரு வாக்கியம் தொடங்கும் இடத்தில் டீ வாங்கி வைத்தால் முடியும் இடத்தில் ஆடை படர்ந்திருக்கும்.

பன்னிரண்டரைக்கு மிஷின்கள் நின்றதும் இருவரும் சோற்றுப் பாத்திரத்தோடு பின்பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போவார்கள். ஒப்பந்தம் ஒன்றுதான்: பாதிரி புத்தகத்தில் ஒரு பக்கம், கதைப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம். ஒருவன் சத்தம் போட்டுப் படிக்க, மற்றவன் சாப்பிட வேண்டும். தனியாக முன்னால் போய்ப் படித்து முடிவைத் தெரிந்துகொள்வது துரோகம்.

வாட்ச்மேன் துலுக்கானம் பக்கத்தில் குந்தி இரண்டையும் கேட்பார். ஆறு மாதத்தில் அவருக்கு எது எந்தப் புத்தகம் என்ற வித்தியாசம் போய்விட்டது. "தேவதூதருங்கோ ராக்கெட்ல வந்து எறங்கும்போது எக்காளம் ஊதுவாங்கோ. அந்தச் சூட்டுலதான் ரெண்டாவது சூரியன் அவிஞ்சிபூட்ச்சி" என்று டீக்கடையில் ஆதாரத்தோடு பேசினார். எதிர்த்துப் பேச அங்கே ஆள் இல்லை.

அந்த ஆடி மாதத்தில் அவர்கள் படித்தது ஒரு பெட்டியைப் பற்றிய கதை. மனிதன் அந்தப் பெட்டிக்குள் நுழைவான். பெட்டி அவனை அணு அணுவாகப் பிரித்து, எண்ணாக்கி, வெளிச்சத்தில் ஏற்றி இன்னொரு நட்சத்திரத்துக்கு அனுப்பும். அங்கே இருக்கிற பெட்டி அவனைத் திரும்பக் கூட்டி எழுப்பி நிறுத்தும். கதாநாயகன் அப்படி நூறு தடவை போய்வந்தவன். நூற்றோராவது தடவை வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறக்கவில்லை. "என் புருஷன் கையில் நான் தெரியாமல் எண்ணெய் கொட்டிச் சுட்ட தழும்பு உண்டு. உன் கை சுத்தமாக இருக்கிறது. நீ யார்?" என்று கதவிடுக்கில் பார்த்துக் கேட்டாள். பெட்டி, தழும்பைத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிட்டது.

அங்கே அத்தியாயம் முடிந்தது. மிச்சம் நாலே பக்கம்.

தேவராஜ் சோற்றை மறந்துவிட்டான். "இன்னா மாமே இது! இதத்தான நானும் பாஸ்டராண்ட கேட்டேன். எங்காளு செத்து எழுந்து வந்தாரு. ஆனா கையில ஆணி அடிச்ச காயம் அப்புடியே கீது. உசுரையே திருப்பிக் குடுக்கத் தெரிஞ்சவருக்கு ஒரு காயத்த ஆத்தத் தெரியாதா?"

"பாஸ்டர் இன்னா சொன்னாரு?"

"ஜெபம் பண்ணுன்னாரு."

"அவருக்கும் தெர்லன்னு அர்த்தம். உன் பாதிரி புஸ்தகத்துல?"

"நாப்பது பக்கம் எழுதிக்கீறாரு. அதே ஒடம்பு, ஆனா அதே மாரி இல்லன்றாரு."

"நாப்பது பக்கத்துல இவ்ளோதானா? எங்காளு நாலு பக்கத்துல முடிச்சிருவாரு, நாளைக்குப் பாரு."

துலுக்கானம் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "தழும்ப எடுத்த பொட்டி, அவ கொட்டுன எண்ணெயத் திருப்பிக் குடுத்துச்சா? அதக் கேளுங்கடா மொதல்ல. எண்ண விக்கிற வெலைக்கு..."

மறுநாள் பதினொன்றே முக்காலுக்கு மூன்றாம் நம்பர் மிஷினில் அச்சு மாற்ற வேண்டியிருந்தது. அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. அச்சு மாற்றினால் முதல் மூன்று பீஸைச் செட்டரே அடித்துப் பார்ப்பான். மிஷின் சொன்ன பேச்சுக் கேட்கிறதா, ஒரு மிதிக்கு இரண்டு அடி அடிக்கிறதா என்பது அந்த மூன்றில் தெரிந்துவிடும். பிறகு மிஷின் நெற்றியில் சாக்பீஸால் ஒரு டிக் போடுவான். டிக் இருந்தால் ஆப்பரேட்டர் கேள்வி கேட்காமல் உட்காரலாம். கோயில் மணியை நம்புகிறவன்கூடக் கொஞ்சம் யோசிப்பான். ஷெட்டில் டிக்கை யாரும் யோசித்ததில்லை.

தசரதன் அச்சை ஏற்றினான். போல்ட்டை முறுக்கினான். இடுப்பில் செருகியிருந்த புத்தகம் குத்தியது. நாலே நாலு பக்கம். சாப்பாட்டு வேளைக்கு இன்னும் முக்கால் மணி நேரம். அவள் கதவைத் திறந்தாளா? மிஷினுக்குப் பின்னால் போய், தூண் மறைவில், ஒரு பாராவை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று பிரித்தான். ஒரு பாரா ஒரு பக்கமாயிற்று. நடுவில் தேவராஜ் குரல் கேட்டது: "மாமே, ரெடியா?"

தசரதன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி மிஷின் நெற்றியில் டிக் போட்டான். மூன்று பீஸ் அடிக்கவில்லை. கம்பி வலையில் நாலு போல்ட்டுக்கு ஒன்றுதான் மாட்டியிருந்தது.

கடைசி வரியைப் படித்து முடித்தபோது மணி பன்னிரண்டு பத்து. அதே நேரத்தில் மூன்றாம் நம்பர் ஒரு மிதிக்கு இரண்டு அடி அடித்தது.

தேவராஜ் கத்தவில்லை. "அய்ய" என்று மட்டும் சொன்னான், சட்டையில் டீ கொட்டிவிட்ட மாதிரி. வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மூன்றும் இல்லை. துண்டைச் சுற்றி, தூக்கிப் போட்டுக்கொண்டு வேன் பறந்தது. முதலாளி ஓடிவந்து மிஷினைப் பார்த்தார். நெற்றியில் டிக் பளிச்சென்று இருந்தது. "செட்டர் பார்த்துக் குடுத்திருக்கான். ஆப்பரேட்டர்தான் கவனமில்லாம கைய விட்டிருக்கான்" என்றார். தசரதன் சாக்பீஸைச் சட்டைப்பைக்குள் தள்ளினான். அவன் வேனில் ஏறாததையும் யாரும் கவனிக்கவில்லை.

விரல்கள் வாஷரோடு வாஷராகத் தட்டில் கிடந்தன. துணி இல்லை, துணியெல்லாம் எண்ணெய். கையில் புத்தகம் இருந்தது. கடைசி இரண்டு தாளைக் கிழித்து, மூன்றையும் அதில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி எலக்ட்ரிக் டேப்பை ஏழு சுற்று ஒட்டினான். வேப்பமரத்தடியில் முழங்கால் ஆழம் தோண்டிப் புதைத்து, ஸ்டோரிலிருந்த பூஜைக் கற்பூரத்தை ஏற்றினான். வேறு எப்படிச் செய்வதென்று அவனுக்குத் தெரியாது. அவன் வீட்டில் பாதி ஆளைப் புதைத்த வழக்கம் இல்லை.

தேவராஜ் ஆறு வாரம் கழித்து வேலைக்கு வந்தான். இடக்கையால் பீஸ் பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். விரல்களை என்ன செய்தாய் என்று அவன் கேட்டான். "மரத்தாண்ட பொதச்சிட்டேன் மச்சான்" என்றான் தசரதன். எதில் சுற்றினான் என்பதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பன்னிரண்டு பத்துக்குத் தேவராஜ் பொறுக்குவதை நிறுத்தி, இல்லாத விரல்களைப் பார்த்தான்.

"மாமே, இங்க வா. ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"இந்த மூணும் இன்னும் கீது."

"டாக்டர் சொல்லல? கொஞ்ச நாள் அப்புடித்தான் இருக்கும்னு?"

"வலின்னா பரவால்ல. இது வலி இல்ல மாமே. காயிதம். காயிதத்தத் தொட்டுக்கினு கீது."

தசரதனுக்கு உச்சி மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. உச்சி வெயில், தகரக் கூரை அப்பளமாகப் பொரிகிறது, அவனுக்கு மட்டும் மார்கழி.

"இன்னா காயிதம்?" என்று கேட்டான்.

"தெர்ல. மேலேந்து கீழ வருது. வரி வரியா." தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டான். "இரு... இப்போ திருப்புது."

அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டு பத்துக்கு அது நடந்தது. ஏழு பிரஸும் இடிக்கிற இடியில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் தசரதன் காதில், பின்பக்கத்து மண்ணுக்குள்ளே, தகர டப்பாவுக்குள் தாள் புரளும் சத்தம் சன்னமாக விழுந்தது. மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டான். வீட்டில் சோற்றுப்பானையில் சாக்பீஸ் டிக் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் தன் நெற்றியில் சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டிக் தெரிந்தது. துடைத்துத் துடைத்து நெற்றித் தோல் உரிந்தது. புதுக் கதைப் புத்தகம் ஒன்றைப் பிரித்தான். படிக்கும்போது, தாள் திரும்புவதற்கு ஒரு நொடி முன்பே அதன் மூலை தானாக மேலே எழும்பியது. மூடி வைத்தவன் பிறகு தொடவில்லை. இரண்டே மாதத்தில் அவன் மெலிந்த மெலிவில், பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தடவை அவனைப் பார்க்காமல் தாண்டிப் போனார்.

தேவராஜ் பக்கம் அதைவிட மோசம். அவன் மெலியவில்லை; இறுகினான். பேய் என்றால் அவனுக்குப் பயமில்லை. அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"அது இன்னா காயிதம்னு தெரிஞ்சுபோச்சு மாமே" என்றான் ஐப்பசியில் ஒரு நாள். வெளியே மழை. "என் பாவத்த எழுதி வச்சிக்கீற புஸ்தகம். கர்த்தர் அத என் வெரலாலயே திருப்ப வைக்கிறாரு. ஊழியத்துக்குக் கூப்ட்ட கையில கதப்புஸ்தகத்தப் புடிச்சேன். பொய்க் கதைய உண்மையாண்ட ஒக்கார வச்சிப் படிச்சேன். அத்தொட்டு வாங்கிக்கினாரு."

"வெரல எடுக்கற சாமியா உன் சாமி? நீ அப்புடிச் சொன்னதே இல்லியே மச்சான்."

"எனுக்கு அப்போ தெரியாது. இப்போ தெரியும்." சிரிக்கத் தெரிந்தவன் முகம் அப்போது பூட்டின கடை போல இருந்தது. "கடசிப் பாடம் எழுதிட்டேன், எடது கையால. ஞாயித்துக்கெழம சபையில அதையே சாட்சியாச் சொல்லப்போறேன். முடிஞ்சதும் எல்லாக் கதப்புஸ்தகத்தையும் வாசல்ல போட்டுக் கொளுத்தப்போறேன். அந்தப் பொட்டிக் கதையும் உங்கிட்டதான கீது? கொண்டா."

தசரதன் வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கடைசித் தாள்கள் இருந்த இடத்தில் கிழிந்த ஓரம் மட்டும் பல் பல்லாக நின்றது. கொண்டுபோய்க் கொடுத்தால் தேவராஜ் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டான்; தீயில் போடுவான். அத்தோடு கிழிந்த தாளும் இல்லை, டிக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. உலகத்தில் ஒருவனுக்கும் தெரியாது. தேவராஜ் சான்றிதழ் வாங்குவான், ஊர் ஊராகப் போவான், கதை படித்தால் விரலை எடுக்கிற ஒரு சாமியைப் பற்றி ஆயுசு முழுக்கப் பேசுவான். செட்டர் செய்த வேலை, சாமி தலையில்.

மனைவி வடிவு சோற்றை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். "இன்னாய்யா, மூணு நாளா தட்டப் பாக்கறதும் தடவறதுமா கீற? சோத்துல இன்னா எழுதிக்கீது?"

"வடிவு, ஒருத்தன் செஞ்ச தப்ப இன்னொருத்தன் சாமி செஞ்சதா நம்பிக்கினு கீறான். நம்பட்டும்னு வுட்டா இன்னா?"

"அந்த சாமிக்கு வாய் இருந்தா சொல்லிக்கும். இல்லியே. செஞ்சவனுக்குத்தான வாய் கீது" என்றாள் வடிவு. "சாப்பாட்ட ஆற வைக்காத."

ஞாயிற்றுக்கிழமை காலை தசரதன் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு காலனிக்குள் நடந்தான். அவன் தெருவிலிருந்து எவனும் அந்தப் பக்கம் அப்படி நடந்ததில்லை. சபை என்பது ஓலைக் கொட்டகை, உள்ளே பாய். வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கடைசிப் பாயில் உட்கார்ந்தான். நெற்றியில் சிவப்புக் கோடு. நாற்பது தலை ஒன்றாகத் திரும்பியது. பாட்டு அரை அடி தடுக்கி விழுந்து எழுந்தது.

முன்வரிசையில் தேவராஜ், கையில் மடித்த காகிதம். பக்கத்தில் தாயம்மா.

அந்தச் சபையில், பிரசங்கத்துக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். "சாட்சி உள்ளவர்கள் வரலாம்" என்று பாஸ்டர் ராஜசேகரன் சொல்லி முடிக்கவில்லை, தேவராஜ் முழங்கால் நிமிரவில்லை, தசரதன் எழுந்துவிட்டான்.

பாஸ்டர் முகத்தில் பத்து பெட்ரோமாக்ஸ் எரிந்தது. ஊர்த் தெருவிலிருந்து, கோடு போட்ட நெற்றியோடு, தானாக வந்து எழுந்து நிற்கிற ஓர் ஆத்துமா! இருபது வருஷ ஊழியத்துக்கு இன்றைக்குத்தான் கூலி. "அல்லேலூயா! சகோதரன் பேசட்டும்! தைரியமாகப் பேசட்டும்!" என்று அவர் முழங்கினார். சபை ஆமென் என்றது. ஒருவர் தப்பட்டையைக்கூட ஒரு தட்டு தட்டினார்.

"எனுக்கு உங்க வழக்கம் தெரியாது" என்றான் தசரதன். "உண்மையச் சொல்லலாம்னு மட்டும் தெரியும். மூணாம் நம்பர் மிஷின்ல நான் மூணு பீஸ் அடிக்கல. அடிக்காமயே டிக் போட்டேன். வலைய ஒரே போல்ட்டுல தொங்க வுட்டேன்."

ஆமென் என்றார் ஒருவர், பழக்க தோஷத்தில்.

"கதப்புஸ்தகத்துல கடசி நாலு பக்கம் பாக்கி. தேவராஜ வுட்டுட்டுத் தனியா படிச்சிக்கினு இருந்தேன். அவன் வெரல் போனப்ப நான் கடசி வரில இருந்தேன். அந்தத் தாளுலதான் வெரல சுத்திப் பொதச்சேன். அவன் தொட்டுக்கினு கீற காயிதம் அதுதான். பாவப் புஸ்தகம் இல்ல. இருந்தா அது என்னுது." சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துக் கிழிந்த ஓரத்தைக் காட்டினான். "உங்க சாமி அங்க இல்லவே இல்ல பாஸ்டர். நான்தான் இருந்தேன்."

கொட்டகையில் ஒரு குழந்தை விக்கியது. தேவராஜ் எழுந்தான். பாய்களைத் தாண்டி வந்தான். தசரதன் எதிரில் நின்று ஒரு மூச்சு விட்டான். வலது கையை ஓங்கி, இடது கன்னத்தில் விட்டான்.

வானகரம் வரைக்கும் காக்கைகள் எழுந்து பறந்திருக்கும். பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் உள்ள கை அது; நடுவில் துணி சுற்றின மொட்டை. வேம்புலி மகன் ஊர்த் தெருக்காரனைக் கை நீட்டி அடித்துவிட்டான் என்பது நாற்பது பேர் மனதிலும் ஒரே நேரத்தில் ஓடியது.

முதலில் பார்த்தவள் தாயம்மா. கிட்ட வந்து, கண்ணை இடுக்கி, தசரதன் கன்னத்தையே பார்த்தாள். சிவந்து தடித்துக்கொண்டு வந்தது. அவள் விரலை நீட்டி, தொடாமல், எண்ணினாள்.

"டேய் தேவராஜு... அஞ்சு கீதுடா."

பெருவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஒன்று, நடுவில் மூன்று. வரிசையாக, கணு கணுவாக, நகத்து முனை வரைக்கும். அன்று கொட்டகையில் இருந்தவர்கள் நாற்பது பேர். பின்னால் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தவர்கள் நானூறு.

தேவராஜ் தன் கையைப் பார்த்தான். கன்னத்தைப் பார்த்தான். பிறகு கையை மெல்லத் தூக்கி அந்தத் தடத்தின் மேலேயே வைத்தான். பெருவிரல் பெருவிரலில், சுண்டுவிரல் சுண்டுவிரலில் உட்கார்ந்தது. நடுவில் காற்று.

"வலிக்குதா?" என்றான்.

"வலிக்குது."

"நடுவுலயும்?"

"நடுவுலதான் அதிகம்."

தேவராஜ் அங்கேயே பாயில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தாயம்மாவுக்கே தெரியவில்லை. பிறகு சாட்சிக் காகிதத்தைப் பிரித்து, இடக்கையால் எழுதிய கோணல் எழுத்தை ஒருமுறை படித்து, நாலாகக் கிழித்தான். "நான் கர்த்தரு மேல அபாண்டமா எழுதிக்கீறேன் பாஸ்டர். தபால்ல போடாததே நல்லதாப் போச்சு" என்றான்.

வாசலில் கொளுத்த வைத்திருந்த மண்ணெண்ணெயைத் தாயம்மா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அடுப்புக்கு ஆகும்.

அன்று மத்தியானம் இருவரும் ஒரே சைக்கிளில் திருமழிசைக்குப் போனார்கள். ஷெட் பூட்டியிருந்தது. துலுக்கானம் கேட்டைத் திறந்தார். தசரதன் கன்னத்தைப் பார்த்தார். தேவராஜ் கையைப் பார்த்தார். கடப்பாரையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

ஏழு மிஷினும் நின்று, ஆளும் இல்லாத ஷெட்டை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை. நிசப்தம் காதை அடைத்தது. மணி பன்னிரண்டு பத்துக்கு இன்னும் ஒரு நிமிஷம். கடப்பாரை டங்கென்று தகரத்தில் பட்டது.

டப்பாவில் துரு ஏறியிருந்தது. ஏழு சுற்று டேப்பும் ஒட்டினபடி, ஒரு முனைகூடப் பிரியாமல் இருந்தது. தசரதன் பல்லால் கடித்துப் பிரித்தான். உள்ளே மூன்று விரலின் எலும்பு, வெள்ளையாக, சுத்தமாக, பக்கம் பக்கமாகப் படுத்திருந்தது. காகிதம் இல்லை. ஒரு துணுக்கு இல்லை. ஓர் எழுத்து இல்லை.

"கரையான்" என்றார் துலுக்கானம், நாலடி தள்ளி நின்றபடியே.

"மூடி ஒட்டிக்கினுதான இருந்துச்சு அண்ணாத்தே" என்றான் தசரதன்.

"அப்போ நான் இன்னாத்தக் கண்டேன்" என்று துலுக்கானம் மேலும் நாலடி தள்ளிப் போனார்.

தேவராஜ் டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கண்ணை மூடினான். பன்னிரண்டு பத்து வந்தது, போனது. "இல்ல மாமே. இன்னைக்குத் திருப்பல" என்றான். "படிச்சி முடிச்சிட்டுக் கீது."

காலனிக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு முழம் இடம் பார்த்து அவர்கள் அதைப் புதைத்தார்கள். தேவராஜ் ஜெபம் செய்தான். தசரதன் என்ன செய்வதென்று தெரியாமல், பையிலிருந்த கற்பூரத்தை எடுத்து, தேவராஜ் முகத்தைப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டான்.

"இப்போ சொல்லு" என்றான் தேவராஜ், மண்ணைத் தட்டிக்கொண்டே. "என் வெரலக் குடுத்துல்ல நீ படிச்ச? அவ கதவத் தொறந்தாளா?"

தசரதன் சொன்னான். பெட்டி சுத்தமாக்கி அனுப்பிய அந்தக் கை கதவைத் தட்டித் தட்டித் தோல் கன்றிப் போகிறது. அவள் கதவிடுக்கில் விளக்கைப் பிடித்துப் பார்க்கிறாள். கன்றின தோலுக்கு அடியில், அந்தப் பழைய தழும்பு மெல்ல மேலே வருகிறது. பெட்டிக்கு அதற்கு எண் தெரியாது. ஆனாலும் அது கூடவே வந்திருக்கிறது. அவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அதுதான் கடைசி வரி.

"தொறந்தாளா இல்லியா?"

"கைய வைக்கறா. அத்தோட முடிச்சிட்டான்."

தேவராஜ் யோசித்தான். "எங்க பாதிரி நாப்பது பக்கத்துல சொன்னதும் இதான்" என்றான். "ஆனா மாமே, இந்தக் கத எனுக்குத் தெரியும்."

"யார் சொன்னா?"

தேவராஜ் வலது கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். சிரித்தான். அவன் விளையாட்டுக்குச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா என்று தசரதனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

திரும்புகிற வழியில் ஊர்த் தெரு முனை. பெஞ்சில் தசரதனின் பெரியப்பா உலகநாதன் இரண்டு பேரோடு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தேவராஜ் சைக்கிளை விட்டு இறங்கினான். வழக்கமாக அந்த இடத்தில் குரல் தணியும். அன்று தணியவில்லை.

"நாளைக்கு அச்சு மாத்தணும். மூணு பீஸும் நீயே அடி, நான் பக்கத்துல நின்னு எண்றேன்" என்றான். தெரு முழுக்கக் கேட்கும்படி சேர்த்தான்: "மறந்துறாத, மச்சான்."

பெரியப்பாவின் வாயில் பீடி அப்படியே நின்றது. பார்வை அங்கே இங்கே போய்விட்டு, தசரதன் கன்னத்தில் வந்து விழுந்தது. "டேய், யார்டா அடிச்சது? அஞ்சு வெரலும் பதிஞ்சிக்கீது!"

"கதவு இடிச்சிட்சு பெரியப்பா" என்றான் தசரதன்.

திங்கட்கிழமை முதலாளியிடமும் அவன் உண்மையைச் சொன்னான். அங்கே வாங்கியதெல்லாம் வாயால் விழுந்த அடி, தடம் தெரியவில்லை. கன்னத்துத் தடம் ஒரு வாரத்தில் மறைந்தது. முதலில் சுண்டுவிரல் போயிற்று, பிறகு பெருவிரல். நடுவில் இருந்த மூன்று மட்டும் தை பிறக்கும் வரை இருந்தது. அதன் பிறகும் சாக்பீஸை எடுத்து மிஷின் நெற்றிக்குக் கொண்டுபோகும்போது, தசரதனுக்கு அந்த இடம் மூன்று கோடாகச் சுடும். கையை இறக்கி, பீஸை முதலிலிருந்து எண்ணத் தொடங்குவான்.